மேல்மலையில் செம்மறி வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு: மாவுச்சத்து, புரதம், ஆட்டின் வயிறு

கொடைக்கானல் மேல்மலையில் புதிதாகச் செம்மறி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் என்னிடம் முதலில் கேட்பது, "ஒரு ஆட்டுக்கு நாளைக்கு எவ்வளவு மக்காச்சோளம் போடணும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. செலவுக் கணக்குப் போடாமல் யாரும் ஆடு வளர்க்க முடியாது. ஆனால் அந்தச் சோளத்தை யார் சாப்பிடப் போகிறார்கள் என்று தெரியாமல் அளவை மட்டும் தெரிந்துகொண்டால் ஆபத்து. செம்மறியின் பெருவயிற்றுக்குள் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. நாம் தொட்டியில் கொட்டுவதை முதலில் தின்பவை அவைதான். அவை செரித்து வெளியேற்றுவதையும், கடைசியில் அந்த நுண்ணுயிர்களையுமே செரித்துத்தான் ஆடு வாழ்கிறது. ஆகவே தீவனம் என்று வரும்போது முதலில் இவற்றுக்குப் பந்தி வைக்கிறோம், பிறகுதான் ஆட்டுக்கு.

எனக்கு இது உறைத்தது ஒரு மாட்டுப் பொங்கல் அன்று. ஆடு வளர்க்கத் தொடங்கி இரண்டாவது வருடம். உறைபனி விழுந்து புல்லெல்லாம் வைக்கோல் நிறத்தில் காய்ந்து கிடந்தது. மாட்டுக்கு வைத்த பொங்கலில் மீந்ததை, பசியோடு நிற்கிறதே என்று ஒரு சினை ஆட்டுக்கும் ஒரு இளம் பெட்டைக்கும் ஆளுக்கொரு சட்டி வைத்தேன். ராத்திரி வரை நன்றாகத்தான் இருந்தன. விடிகாலையில் பட்டிக்குள் போனால், சினை ஆடு சுவரோரம் தலையைத் தொங்கப் போட்டு நிற்கிறது. அசை போடவில்லை. பல்லை நறநறவென்று கடிக்கிறது. இடப்பக்க விலாவுக்குப் பின்னால் கை வைத்து அழுத்தினால், தண்ணீர்ப் பையைக் குலுக்கினாற்போல் உள்ளே சளசளக்கிறது. தரையில் புழுக்கை இல்லை, சாம்பல் கலந்த மஞ்சளில் கூழாகக் கழிந்திருந்தது. புளித்துப் போன இட்லி மாவின் வாடை. கால்நடை மருத்துவர் அந்தப் பாதையில் வந்து சேர நண்பகல் ஆகிவிட்டது. சினை ஆடு அன்று சாயங்காலமே இறந்தது. இளம் பெட்டை பிழைத்தது, ஆனால் இரண்டு வாரம் நொண்டியது. வயிற்றில் ஏறும் அமிலம் குளம்பு வரைக்கும் பாதிக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அன்று உள்ளே என்ன நடந்தது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது புரிந்தால், பின்னால் சொல்லப்போகும் அளவுகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

வயிற்றுக்குள் மாவுச்சத்து

ஆட்டின் வயிறு நான்கு அறை. முதல் அறையான பெருவயிறு, மருத்துவர்கள் ரூமன் என்பது, வளர்ந்த ஆட்டில் பத்து லிட்டருக்கு மேல் கொள்ளும். அதற்குள் நார்ச்சத்தை உடைக்கும் பாக்டீரியாக்கள் ஒரு கூட்டம், மாவுச்சத்தை உடைக்கும் பாக்டீரியாக்கள் இன்னொரு கூட்டம். நார்க் கூட்டம் நிதானமானது. ஒரு வாய்ப் புல்லை முழுதாக உடைக்க ஒரு நாளுக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். மாவுக் கூட்டம் அவசரக்காரக் கூட்டம், சில மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும். இரண்டு கூட்டமும் கடைசியில் தருவது கொழுப்பு அமிலங்களைத்தான். புல்லிலிருந்து பெரும்பாலும் அசிட்டிக் அமிலம் வரும், தானியத்திலிருந்து புரோப்பியானிக் அமிலம் கூடுதலாக வரும். இந்த அமிலங்கள் வயிற்றுச் சுவர் வழியாக ரத்தத்தில் சேர்கின்றன. ஆட்டுக்குக் கிடைக்கும் சக்தியில் 60 முதல் 70 சதவீதம் இப்படிக் கிடைப்பதுதான். புரோப்பியானிக் அமிலத்தைக் கல்லீரல் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். சினை முற்றிய ஆட்டுக்கும் பால் கொடுக்கும் ஆட்டுக்கும் அந்தச் சர்க்கரை ரொம்ப முக்கியம். அதனால் மாவுச்சத்து கெட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. உண்டாகும் அமிலத்தை முறிப்பது எச்சில். அதில் நம் சமையல் சோடாவில் இருக்கிற அதே பைகார்பனேட் இருக்கிறது. செம்மறிக்கு ஒரு நாளில் பல லிட்டர் எச்சில் ஊறும், ஆனால் மென்றால்தான், அசை போட்டால்தான். நீளமான புல்லும் வைக்கோலும் ஆட்டை மணிக்கணக்கில் மெல்ல வைக்கும். வெந்த சோற்றை மெல்ல என்ன இருக்கிறது? அமிலம் ஏறும், எச்சில் வராது. பெருவயிற்றின் அமிலக் கணக்கு, அதாவது பி.எச்., சாதாரணமாக 6-க்கும் 7-க்கும் நடுவில் இருக்கும். அமிலம் கூடக்கூட இந்த எண் குறையும். 6-க்குக் கீழே இறங்கினால் நார்க் கூட்டம் சோர்ந்துவிடும். 5.5-க்கும் கீழே போனால் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் ஆட்சியைப் பிடித்துவிடும். லாக்டிக் அமிலம் மற்றவற்றைவிடப் பல மடங்கு வீரியமானது. அது ரத்தத்திலிருந்து தண்ணீரை வயிற்றுக்குள் இழுக்கும். நான் கை வைத்துக் கேட்ட சளசளப்பு அந்தத் தண்ணீர்தான். 1952-இல் அமெரிக்காவில் ராபர்ட் ஹங்கேட்டும் அவருடன் இருந்தவர்களும், திடீரென்று அதிகத் தானியம் தின்ற செம்மறிகளின் வயிற்றில் வழக்கமான நுண்ணுயிர்கள் அழிந்து, லாக்டிக் அமில பாக்டீரியா மட்டும் பெருகுவதை விளக்கிக் காட்டினார்கள். மாட்டுப் பொங்கல் அன்று என் பட்டியில் நடந்ததும் அதேதான்.

உயிர் போகாவிட்டாலும் நஷ்டம் உண்டு. அளவுக்கு மீறித் தானியம் தின்னும் ஆட்டுக்குப் புல் சரியாகச் செரிக்காது, ஏனென்றால் நார்க் கூட்டம் படுத்துவிட்டது. காசு கொடுத்துச் சோளம் போட்டு, காசில்லாமல் கிடைக்கும் புல்லின் பலனைக் கெடுத்துக்கொள்கிறோம்.

எல்லா மாவுச்சத்தும் ஒரே வேகத்தில் கரையாது. வெந்த சோறு, கஞ்சி, இட்லி மாவு ஆகியவை மிக வேகம். கோதுமையும் வேகம்தான். மக்காச்சோளமும் வெள்ளைச் சோளமும் நிதானம். மாவாக அரைத்தால் வேகம் கூடும், முழுத் தானியமாகப் போட்டால் குறையும். மாட்டுக்கு அரைக்காமல் போட்டால் சாணியில் முழுசாக வந்துவிடும். செம்மறி அப்படியில்லை, நன்றாகக் கடித்து மெல்லும். அதனால் முழு மக்காச்சோளமோ ஒன்றிரண்டாக உடைத்ததோ போதும். மில்லுக்குக் கொண்டுபோய் மாவாக்காதீர்கள், கூலியும் மிச்சம்.

வயிற்றுக்குள் புரதம்

பிண்ணாக்கில் இருக்கும் புரதம் அப்படியே ஆட்டின் உடம்பில் ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கிறோம். அதில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் உடைத்து அம்மோனியா ஆக்கிவிடுகின்றன. அந்த அம்மோனியாவை வைத்துத் தங்கள் உடம்பை வளர்த்துக்கொண்டு பெருகுகின்றன. பெருகியவை செரிக்கும் தீவனத்தோடு நான்காம் அறைக்கு அடித்துச் செல்லப்பட்டு, அங்கே செரிக்கப்பட்டு, ஆட்டுக்கு நல்ல புரதமாகின்றன. உடையாமல் தப்பி நேராக அங்கே போய்ச் சேரும் புரதமும் கொஞ்சம் உண்டு.

அம்மோனியாவைப் புரதமாக மாற்ற நுண்ணுயிர்களுக்குச் சக்தி வேண்டும். அது மாவுச்சத்திலிருந்தோ புல்லிலிருந்தோ அதே நேரத்தில் வர வேண்டும். வெறும் பிண்ணாக்கை மட்டும் வைத்தால் பயன்படாத அம்மோனியா ரத்தத்தில் ஏறும், கல்லீரல் பாடுபட்டு அதை யூரியாவாக்கிச் சிறுநீரில் தள்ளும். விலை அதிகமான தீவனம் மூத்திரமாகப் போகிறது. மாறாக, சோளம் மட்டும் போட்டுப் புரதம் இல்லையென்றால் நுண்ணுயிர் பெருகாது, செரிமானம் மந்தமாகும். மொத்தத் தீவனத்தில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் ஆடு தின்பதையே குறைத்துக்கொள்ளும். முன்னால் தீவனம் குவிந்து கிடக்கும், ஆடு மெலியும்.

நம் மலையில் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை நடப்பது பெரும்பாலும் இதுதான். மழைக்குப் பின் வரும் இளம் கிக்குயூ புல்லில் புரதத்துக்குக் குறைவில்லை. பனியில் கருகிய பிறகு அது வெறும் நார். மலைக்குக் கீழேயிருந்து ஏற்றி வரும் நெல் வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். அந்த நேரத்தில் ஆடு மெலிகிறதே என்று சோளத்தைக் கூட்டுவார்கள். ஆட்டுக்குக் குறைவது புரதம். முதலில் கொஞ்சம் பிண்ணாக்கோ கடலைக் கொடியோ சேர்த்துப் பாருங்கள், அதே காய்ந்த புல்லை ஆடு விரும்பித் தின்னத் தொடங்கும்.

சரி, இனி செய்ய வேண்டியவை.

முதலில் புல், வைக்கோல் கணக்கு

30 கிலோ எடையுள்ள பெட்டை ஆடு ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு கிலோ உலர் எடைக்குத் தின்னும். இளம் புல்லில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், அது ஐந்தாறு கிலோ பச்சைப் புல்லுக்குச் சமம். இந்த ஒரு கிலோவில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு புல், வைக்கோல், கொடி, தழை என்று நாராகத்தான் இருக்க வேண்டும். பனிக்காலத்துக்கான வைக்கோலும் கடலைக் கொடியும் ஐப்பசி மழைக்கு முன்பே ஏற்றி வைத்துவிடுங்கள். மழையில் நனைந்து வரும் சுமையை வாங்காதீர்கள். இந்த மூடுபனியில் பூஞ்சணம் பிடிக்க நாலு நாள் போதும்.

வாட்டில் தழையை வெட்டிப் போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதில் டானின் அதிகம், அது புரதத்தோடு ஒட்டிக்கொண்டு செரிக்க விடாது. வேறு தழையோடு ஒரு கைப்பிடி கலந்தால் பரவாயில்லை, அதையே முழுத் தீனியாக்க வேண்டாம்.

அடர்தீவனக் கலவை

நான் 100 கிலோவுக்கு இப்படிக் கலக்கிறேன்: உடைத்த மக்காச்சோளம் 30, கோதுமைத் தவிடு 27, கடலைப் பிண்ணாக்கு 20, எண்ணெய் எடுத்த அரிசித் தவிடு 10, உளுந்துப் பொட்டு 10, தாது உப்புக் கலவை 2, சாப்பாட்டு உப்பு 1. புரதம் 18 சதவீதம் அளவுக்கு வரும். சோளத்தில் புரதம் 9 சதவீதம்தான், பிண்ணாக்கில் 40-க்கு மேல். இந்த இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் விலைக்குத் தகுந்தபடி கலவையை மாற்றிக்கொள்ளலாம்.

தாது உப்பு வாங்கும்போது செம்மறிக்கென்று கேட்டு வாங்குங்கள். மாட்டுக்கான கலவையில் செம்புச் சத்து அதிகம். செம்மறியின் கல்லீரல் செம்பைச் சேர்த்துவைத்துக்கொண்டே போய், ஒருநாள் திடீரென்று விஷமாக்கிவிடும். பிண்ணாக்கு மூட்டையைத் தரையில் போடாதீர்கள், பலகை மேல் வையுங்கள். பச்சையாகப் பூஞ்சணம் பூத்த கடலைப் பிண்ணாக்கைத் தட்டிவிட்டுப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த நஞ்சு தட்டினாலும் போகாது, வேக வைத்தாலும் போகாது.

யூரியா தெளித்த வைக்கோல் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்குச் சரியான அளவும் முறையும் இருக்கின்றன. முதல் இரண்டு வருடம் அந்தப் பக்கம் போகாதீர்கள். அளவு தவறினால் சில மணி நேரத்தில் ஆடு விழுந்துவிடும்.

பழக்குவது

மாவுக் கூட்டமும், லாக்டிக் அமிலத்தைத் தின்று தீர்க்கும் பாக்டீரியாக்களும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுத்துப் பெருகப் பத்திலிருந்து பதினான்கு நாள் ஆகும். அதனால் அடர்தீவனத்தை முதல் மூன்று நாள் ஆட்டுக்கு நாளைக்கு 50 கிராம் மட்டும் போடுங்கள். அப்புறம் மூன்று நாளுக்கு ஒருமுறை 50 கிராம் கூட்டுங்கள். இரண்டு வாரத்தில் 200, 250 கிராமுக்கு வந்துவிடலாம். மேய்ச்சலுக்குப் போகும் வளர்ந்த ஆட்டுக்கு அது போதும். சினை ஐந்து மாதம். கடைசி ஆறு வாரத்தில்தான் குட்டி வேகமாக வளரும், அப்போது 300 கிராம் வரை போகலாம். கை அளவு வேண்டாம், தராசு வாங்குங்கள். என் கையால் ஒரு பிடி 60 கிராம், என் மனைவியின் கையால் 40.

காலையில் முதலில் வைக்கோல். அரை மணி நேரம் கழித்து அடர்தீவனத்தில் பாதி, மீதி சாயங்காலம். தொட்டியில் ஒரு ஆட்டுக்கு ஒரு அடி இடமாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் முரட்டு ஆடு மூன்று ஆட்டின் பங்கை விழுங்கிவிடும், நோஞ்சான் ஆடு பார்த்துக்கொண்டே நிற்கும். சராசரியாக 200 கிராம் என்று நீங்கள் எழுதி வைத்திருப்பீர்கள், அந்த முரட்டு ஆட்டுக்குப் போனது 500 கிராமாக இருக்கும். தீவன மூட்டை இருக்கும் அறைக்குத் தாழ்ப்பாள் போட மறக்காதீர்கள்.

ஒரு நாள் போட மறந்துவிட்டால் மறுநாள் சேர்த்துப் போடாதீர்கள். நாலைந்து நாள் விட்டுப்போனால் மறுபடி 50 கிராமிலிருந்து.

உருளைக்கிழங்கும் காரட்டும்

அறுவடை நேரத்தில் கழிவுக் கிழங்கு மூட்டை மூட்டையாகக் கிடைக்கும் ஊர் இது. உருளையில் நாலில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர், ஒரு கிலோவில் 150 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. புரதம் 2 சதவீதம்தான். ஆகவே அது ஈரமான தானியம் என்று கணக்கில் கொள்ளுங்கள். பழக்கிய ஆட்டுக்கு அரை கிலோ வரை, அந்த அளவுக்கு ஏற்பச் சோளத்தைக் குறைத்துக் கொடுக்கலாம். கட்டாயம் நறுக்கிப் போடுங்கள், முழுக் கிழங்கு தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பச்சை நிறம் ஏறியதும் முளை விட்டதும் நஞ்சு, தோட்டத்துக் குழியோடு சரி. காரட்டில் சர்க்கரை இருக்கிறது, ஆடு ஆசையாகத் தின்னும், அதுவும் மெதுவாகப் பழக்க வேண்டியதே. இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது பட்டாணிக் கொடியும் பீன்ஸ் கொடியும். நாரும் புரதமும் சேர்ந்தே வருகின்றன. ஆனால் எந்தத் தோட்டத்துக் கழிவாக இருந்தாலும் கடைசியாக மருந்து அடித்தது எப்போது என்று கேட்காமல் வாங்க வேண்டாம்.

வீட்டுச் சோறு, கஞ்சி, விசேஷ வீட்டு மிச்சம் எதுவும் வேண்டாம். விருந்தினர் பாசத்தில் ஊட்டுவார்கள். சொல்லித் தடுத்துவிடுங்கள்.

குட்டிகள்

பிறந்த குட்டிக்குப் பெருவயிறு வேலை செய்யாது. குடிக்கும் பால் அதைத் தாண்டி நேராக நான்காம் அறைக்குப் போகும். மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியும் அதன் குடலில் அப்போது மிகக் குறைவு. தாயில்லாக் குட்டிக்கு அரிசிக் கஞ்சி ஊற்றினால் கழிச்சல் வருவது அதனால்தான். பால்தான் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் ஆனதும், தாய் நுழைய முடியாத சின்ன அடைப்பில் ஒரு கைப்பிடி அடர்தீவனமும் மெல்லிய புல்லும் வையுங்கள். தானியம் நொதிக்கும்போது வரும் அமிலம்தான் குட்டியின் பெருவயிற்றுச் சுவரை வளர்க்கிறது. பெரிய ஆட்டைக் கொல்லும் அதே தானியம், சிறு அளவில், குட்டிக்கு வயிற்றைக் கட்டிக்கொடுக்கிறது.

நன்றாகத் தின்று கொழுத்த குட்டி ஒருநாள் காலையில் காரணமில்லாமல் செத்துக் கிடந்தால் துள்ளுமாரி நோயைச் சந்தேகியுங்கள். செரிக்காத மாவுச்சத்து குடலுக்குள் இறங்கும்போது அங்கிருக்கும் கிருமி பெருகி நஞ்சைக் கக்கும். தடுப்பூசி இருக்கிறது. அடர்தீவனம் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள். கிடா வளர்க்கிறவர்கள் தவிடும் தானியமும் மட்டுமே போட்டால் சிறுநீர்க் குழாயில் கல் அடைக்கும். சுண்ணாம்புச் சத்து சேர்ந்த கலவையும் நிறையத் தண்ணீரும் கொடுங்கள்.

தினமும் பார்க்க வேண்டியவை

காலையில் பட்டியைத் திறந்ததும் தீவனத்தை எடுக்காதீர்கள். இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். படுத்திருக்கும் ஆடுகளில் பாதிக்கு மேல் அசை போட வேண்டும். ஒரு கவளத்துக்கு நாற்பது, ஐம்பது மெல்லலாவது இருக்கும். இடப்பக்க விலாக் குழியில் உள்ளங்கையை வையுங்கள். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை பெருவயிறு புரண்டு கையைத் தள்ளுவது தெரியும். பழகிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டே உணரலாம். புழுக்கை தனித்தனியாக, கருமையாக இருந்தால் நல்லது. ஒட்டிக்கொண்டு உருண்டையானால் தானியம் கூடிவிட்டது, கூழானால் அன்றைக்கே நிறுத்துங்கள்.

ஆடு திருட்டுத்தனமாகத் தானியம் தின்றுவிட்டது என்று தெரிந்தால் நோய்க்குறி வரும்வரை காத்திருக்கக் கூடாது. மீதித் தானியத்தை எடுத்துவிட்டு வைக்கோல் மட்டும் வையுங்கள். 15 கிராம் சமையல் சோடாவை அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, தலையை ரொம்பத் தூக்காமல், கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். துவண்டு கிடக்கும் ஆட்டுக்கு ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். அதே வேளையில் 1962-க்கு அழையுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் எண் அது. எங்கள் பாதையில் வண்டி வர நேரமாகும் என்பதால் முதல் அழைப்பையே சீக்கிரம் செய்ய வேண்டும்.

மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965-லிருந்து இயங்குகிறது. ஆடு வாங்கும் முன் ஒருநாள் அங்கே போய்ப் பாரத் மெரினோ இனச் செம்மறிகளையும் அவற்றின் தீவனத் தொட்டிகளையும் பார்த்துவிட்டு வாருங்கள். படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஒரு நல்ல பட்டியின் புழுக்கையைப் பார்ப்பது அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

புல் திரும்பும்போது

சித்திரை மழை விழுந்து புல் துளிர்த்ததும் அடர்தீவனத்தை ஒரேயடியாக நிறுத்திவிட்டு ஆடுகளைத் திறந்துவிடுவது எல்லாரும் செய்வது. வயிற்றுக்கு அதுவும் திடீர் மாற்றம்தான். இளந்துளிரில் கரையும் புரதம் அதிகம், நார் குறைவு. இரண்டு நாளில் எல்லா ஆட்டுக்கும் கழிச்சல் போகும். க்ளோவர் மாதிரிப் பயறுவகைத் துளிர் நிறைய இருந்தால் நுரை கட்டி வயிறு உப்பும். அதனால் முதல் வாரம் காலையில் வைக்கோல் போட்டு, பனி உலர்ந்த பிறகு, பத்து மணிக்கு மேல் மேயவிடுங்கள், முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும். பிறகு நாளுக்கு அரை மணி கூட்டுங்கள். கலவையில் பிண்ணாக்கை முதலில் குறையுங்கள், புல்லிலேயே புரதம் வந்துவிட்டது. சோளத்தைக் கொஞ்ச நாள் விட்டுவைத்து, பத்து நாளில் அதையும் குறைத்துவிடலாம்.